விரல் நுனியில் அகரம்

கற்பிட்டி முதல் உடப்பு வரையுள்ள மணற்கரையிலே, கண்ணொளியின்றிப் பிறந்த குழந்தையைப் பெற்றோர் இமைபோற் காப்பர் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஊட்டுவதும் உடுத்துவதும் கைபிடித்து நடத்துவதும் வீட்டாரே. ஆயினும் அவ்வன்பினால் மட்டும் ஆகாத காரியம் ஒன்றுண்டு. அஃது எழுத்தறிவித்தல்.

கண்ணுள்ள பிள்ளைக்குக் கடைப்பலகையும் பேருந்தின் பெயர்ப்பலகையும் எழுத்தைக் காட்டிக்கொண்டேயிருக்கின்றன. கண்ணற்ற பிள்ளைக்கோ, பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவர் விரலைப் பற்றிப் புள்ளி புள்ளியாகத் தொட்டுக் காட்டல் வேண்டும்.

சிறு வயதிற் பார்வையிழந்த லூயி பிரெய்ல் (1809–1852), பாரிசிலுள்ள கண்ணற்றோர் பள்ளியிற் பயின்ற காலத்தே, 1824 அளவில், ஆறு புள்ளிகளால் எழுத்துமுறையொன்றை வகுத்தார். அப்பள்ளிக்குக் கொண்டுவரப்பட்ட வேறொரு புள்ளியெழுத்தே அவர்க்கு வித்தாயிற்று. பள்ளி இல்லையேல் பிரெய்லும் இல்லை எனலாம். தமிழில் அகரத்துக்கு மேலே இடப்புறத்து ஒரே புள்ளி. 'கொ' என எழுத, அச்செழுத்திற்போல இருபுறமும் குறியிட வேண்டுவதில்லை. ககரத்தின்பின் ஒகரம் வந்தாற் போதும். ஊசியால் வலமிருந்து இடமாகக் குத்தி, தாளைத் திருப்பி இடமிருந்து வலமாகத் தடவி வாசிப்பர். வலையின் கண்களைத் தடவிக் கிழிசல் காணும் விரல்களுக்கு இஃது அரிதன்று.

நம் நாட்டில் மேரி சப்மன் அம்மையார் 1912இல் தெகிவளையில் தொடங்கிய பாடசாலை பின்னர் இரத்மலானையில் நிலைபெற்றது. தமிழ்ப் பிள்ளைகளுக்கென 1956இல் கைதடியில் நவீல்ட் பாடசாலை எழுந்தது. இரண்டும் புத்தளக் கரைக்குத் தொலைவே. போர்க்காலத்தில் யாழ்ப்பாணப் பாதையும் நெடுநாள் தடைப்பட்டிருந்தது.

அயலிலுள்ள பாடசாலையிலே ஏனைய பிள்ளைகளுடன் கற்பதே நன்று என்பாரும் உளர். அவர் கூற்றுப் பொருளற்றதன்று. ஆறு வயதுக் குழந்தையைப் பிரிந்திருத்தல் தாய்க்கு எளிதா? ஆனால் பிரெய்ல் அறிந்த ஆசிரியரில்லா வகுப்பிலே கேட்டிருப்பதே படிப்பாய்விடும். பின்னக் கணக்கையும் தேசப்படத்தையும் செவியால் மட்டும் எங்ஙனம் பற்றுவது? எழுத்தும் கோலூன்றி நடத்தலும் சிறப்புப் பாடசாலையிற் கைவந்தபின், பொதுப் பாடசாலைக்குச் செல்வதே தக்கதென நாம் கருதுகின்றோம்.

விடுதியிலிருந்து பிள்ளை புள்ளியெழுத்தில் வரையும் முதற் கடிதத்தைத் தாயால் வாசிக்க இயலாதுதான். எனினும் அப்புள்ளிகளைக் கண்ணாற் பார்த்தும் வாசிக்கப் பழகலாம். விடுமுறைக்கு வரும் பிள்ளையே அதற்கு ஆசிரியராகலாம்.