காத்திருக்க இயலாத மனம்

திமிரா, வேறு காரணமா?

அலங்காநல்லூரிலும் பாலமேட்டிலும், மாதக்கணக்கில் பயிற்சி செய்து, பெயரைப் பதிந்து, மருத்துவப் பரிசோதனையும் முடித்துக்கொண்டு ஜல்லிக்கட்டுக் காளைக்கு எதிரே நிற்கிற வாலிபனின் சாகசம் ஒரு ரகம். ரயில்வே கேட் மூடியிருக்க, ரயில் வரும் ஓசை காதில் விழுந்தும், மோட்டார் சைக்கிளை ஒருக்களித்துச் சாய்த்து, தலையைக் குனிந்துகொண்டு தடுப்புக்கு அடியில் நுழைந்து போகிற நாற்பது வயதுக் குடும்பஸ்தரின் காரியம் முற்றிலும் வேறு ரகம். பின்னதைத் திமிர் என்று சொல்லிவிடுகிறோம். பெரும்பாலும் அப்படியே இருக்கலாம். ஆனால் சிலரிடத்தில் அதன் மூலகாரணம் ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடாக இருக்கக்கூடும். பிள்ளைப் பிராயத்துச் சேட்டை வயதேறினால் தீரும் என்பது வெகுகால நம்பிக்கை. தீராதவர்கள், உலக அளவில், பெரியவர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர் உண்டென்று மதிப்பிடுகிறார்கள்.

அபாயம் ஏன் இனிக்கிறது?

இவர்களுக்கு அச்சமே இல்லை என்று கருதுவது பிசகு. அபாயம் இன்னதென்று அறிந்தும், அதில் கிடைக்கும் லாபமே பெரிதாகத் தோன்றுவதும், அடுத்த மாதம் வரக்கூடிய நூறு ரூபாயைவிட இப்போதே கைக்கு வரும் ஐம்பது ருசிப்பதும், காத்திருத்தலே ஒரு வேதனையாக வருத்துவதும் ஆராய்ச்சிகளில் கண்டவை. மூளையில் டோபமைன் என்னும் ரசாயனம் செயற்படும் விதத்தோடு இச்சுபாவத்தை விஞ்ஞானிகள் தொடர்புபடுத்துகிறார்கள். அதிவேகம், குடி, யோசியாமல் வாங்கும் கடன், சட்டென்று உதறிவிடும் உத்தியோகம், சூதாட்டம் ஆகியவை இவர்களிடத்தில் மிகுந்து காணப்படுவது இதனாலேதான். பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை நள்ளிரவு 12 மணி முதல் விடியற்காலை 5 மணி வரை தடுத்து, 2025ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் வந்த விதி, உள்ளிருந்து பிறவாத நிதானத்தை வெளியிலிருந்தாவது புகட்டப் பார்த்தது என்பது என் அபிப்பிராயம்.

சிகிச்சை

சுவீடனில் 17,000க்கும் மேற்பட்ட நோயாளிகளை ஆராய்ந்து 2014இல் வெளியிட்ட முடிவின்படி, மருந்து உட்கொண்ட ஆண்களிடத்தில் கடுமையான சாலை விபத்து 58 சதவீதம் குறைந்திருந்தது. பெண்களிடத்தில் அத்தகைய பலன் தெளிவாகத் தெரியவில்லை. மருந்தோடு மன ஆலோசனையும் உதவும்.

கைப்பேசியில் ஓடும் அரை நிமிஷப் படத்தைப் பார்த்துத் தமக்குத் தாமே நோய் நிர்ணயம் செய்துகொள்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். தூக்கக் குறைவும், தைராய்டுக் கோளாறும், மனச்சோர்வும் இதே வேஷம் போடும் என்பதை அந்தப் படம் சொல்வதில்லை. சந்தேகம் இருப்பவர்கள், மதுரைப் பக்கமானால், அரசு இராசாசி மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணிலும் விசாரிக்கலாம். பன்னிரண்டு வயதுக்கு முன்னரே அறிகுறிகள் இருந்தனவா என்று மருத்துவர் கட்டாயம் கேட்பாராகையால், தாயாரையோ தமக்கையையோ உடன் அழைத்துச் செல்வது நலம். பள்ளிக்கூடத்து மதிப்பெண் அட்டை பரணில் கிடந்தால் அதையும் தூசி தட்டி எடுத்துக்கொள்ளலாம்.