மின்னஞ்சலுக்கும் பூட்டு உண்டு. சாவி யார் கையில்?

மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். பக்கத்தில் நிற்பவனுக்கு விலை தெரியக்கூடாது, அவ்வளவுதான். அந்த எச்சரிக்கை இன்று நம்மிடம் குறைந்துவிட்டது. குண்டூர் மிளகாய்க்கும் சித்தூர் வெல்லத்துக்கும் நாம் கேட்கும் விலை, தரும் விலை, வங்கிக் கணக்கு எண் எல்லாம் மின்னஞ்சலில் போகின்றன. வழியில் பெரும்பாலும் உறையிட்டே போனாலும், போய்ச் சேர்ந்த பெட்டியில் அவை பிரித்த கடிதமாகவே கிடக்கின்றன. நம் கடவுச்சொல்லைத் தெரிந்துகொண்டவன் அத்தனையும் படிக்கலாம். படித்துவிட்டுச் சும்மா இருந்தாலும் பரவாயில்லை. சரக்கு ஏறும் நாள்வரை காத்திருந்து, அதே பில்லில் வங்கிக் கணக்கு எண்ணை மட்டும் மாற்றி அனுப்புகிறான். பணம் போன பிறகுதான் இரு தரப்புக்கும் விஷயம் தெரிகிறது.

இதற்குத் தடுப்பு இரட்டைச் சாவி முறை. நம் மலைக்கோயில் உண்டியலை நினைத்துக்கொள்ளுங்கள். யார் வேண்டுமானாலும் காணிக்கை போடலாம். போட்டவரே திரும்ப எடுக்க முடியாது. சாவி உள்ளவர்தான் திறக்கலாம். அதுபோல ஒவ்வொருவருக்கும் இரண்டு சாவிகள். பொதுச்சாவி என்பது உண்டியல் மாதிரி. ஊருக்கெல்லாம் கொடுக்கலாம். அதைக்கொண்டு நமக்கு எழுதும் கடிதத்தைப் பூட்டுவார்கள். திறக்க நம்மிடம் மட்டும் உள்ள இரகசியச் சாவி வேண்டும். கையொப்பத்துக்கு உண்டியல் உதாரணம் பொருந்தாது. அது முத்திரை மோதிரம் போன்றது. இரகசியச் சாவியால் நாம் ஒப்பமிட்டதை, பொதுச்சாவி வைத்திருப்பவர் எவரும் சரிபார்க்கலாம். பில்லில் ஓர் இலக்கம் மாறியிருந்தாலும் ஒப்பம் பொருந்தாது.

புதிதாகத் தோன்றினாலும், இந்தச் சாவி நம் உறுப்பினர் பலரிடம் ஏற்கனவே இருக்கிறது. கம்பெனியாகப் பதிவு செய்தவர்கள் ஜிஎஸ்டி விவரம் தாக்கல் செய்யப் பயன்படுத்தும் டிஜிட்டல் கையொப்ப டோக்கன் இதே வகைதான். அதை ஆடிட்டர் அலுவலக மேஜை இழுப்பறையில், பின் எண்ணையும் ஒரு சீட்டில் எழுதி ஒட்டி வைத்துவிட்டு வருகிறோம். கல்லாச் சாவியை அப்படிக் கொடுத்துவிட்டு வருவோமா? 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 42ஆம் பிரிவில் தெளிவாகச் சொல்கிறது: இரகசியச் சாவியைத் தன் வசம் காப்பதில் உரியவர் தக்க கவனம் செலுத்தவேண்டும், பிறர் கைக்குப் போனால் தாமதமின்றிச் சான்றளிக்கும் நிறுவனத்துக்குத் தெரிவிக்கவேண்டும், தெரிவிக்கும்வரை பொறுப்பு அவருடையதே. ஆடிட்டர் நல்லவராகவே இருக்கலாம். அவர் அலுவலகத்துக்கு வந்துபோகிறவர் எல்லோரையும் நமக்குத் தெரியுமா?

மின்னஞ்சலுக்கு என்று தனியாக, செலவில்லாமல் ஒரு வழி உண்டு. 1991இல் அமெரிக்காவில் ஃபில் சிம்மர்மேன் என்பவர் பிஜிபி என்ற மென்பொருளை வெளியிட்டார். அது வெளிநாடுகளுக்குப் பரவியதும், ஆயுத ஏற்றுமதிச் சட்டத்தை மீறினாரா என்று அவர்மேல் விசாரணை நடந்தது. 1996இல் வழக்கில்லாமல் முடிந்தது. பூட்டை ஆயுதம் என்று எண்ணிய காலம் அது! அந்த முறையின் வாரிசு 2020இல் வந்த 78ஆம் பதிப்பு முதல் தண்டர்பேர்ட் என்ற இலவச அஞ்சல் மென்பொருளிலேயே அடங்கியிருக்கிறது. கணக்கு அமைப்புகளில் மறையாக்கப் பகுதிக்குப் போய் 'சாவி சேர்' என்று கொடுத்தால் சில நிமிடங்களில் ஜோடி தயார். முதன்மைக் கடவுச்சொல்லையும் அப்போதே வைத்துவிடுங்கள். இல்லையேல் கடைக் கணினியைத் திறக்கும் பையனும் உங்கள் கடிதத்தைத் திறப்பான். அரசுக்குச் சமர்ப்பிக்க இந்தச் சாவி உதவாது. அதற்கு உரிமம் பெற்ற நிறுவனம் தரும் டோக்கன்தான் வேண்டும்.

சாவி செய்வது எளிது. எதிர்த் தரப்பின் சாவி அவருடையதுதானா என்று பார்ப்பதில்தான் விஷயம் இருக்கிறது. மோசடிக்காரனும் மண்டிக்காரர் பெயரில் ஒரு பொதுச்சாவி அனுப்பலாம். ஒவ்வொரு சாவிக்கும் விரல்ரேகை என்று எழுத்தும் எண்ணுமாக 40 இடங்கள் கொண்ட ஓர் அடையாளம் உண்டு. பழைய தொலைபேசி எண்ணில் நாமே கூப்பிட்டு, குரல் அடையாளம் தெரிந்தபின், அதை வாசிக்கச் சொல்லி ஒப்பிடவேண்டும். கடிதத்தில் வந்த எண்ணுக்குக் கூப்பிட்டால் பயனில்லை. பெரிய தொகையானால், கணக்கு எண் மாற்றத்தை எப்போதும் இப்படிக் குரலிலும் கேட்டுக்கொள்வது நல்லது.

இரகசியச் சாவியின் நகலை ஒரு பென் டிரைவில் எடுத்து, வலுவான கடவுச்சொல் போட்டு, கடையில் அல்லாமல் வீட்டுப் பீரோவில் வையுங்கள். கணினி கெட்டு நகலும் இல்லையென்றால், பூட்டிய கடிதங்களை எந்த நிறுவனமும் திறந்து தராது. சாவியை ரத்து செய்யவும் அந்தச் சாவியோ, முன்பே எடுத்துவைத்த ரத்துச் சான்றோ வேண்டும். கணக்கு எழுதுபவர் வேலையை விட்டுப் போனால், அவர் தொட்ட சாவியை ரத்து செய்து புதிதாக எடுத்து, வாடிக்கை மண்டிகளுக்குச் சொல்லிவிடவேண்டும்.

ஆனால் பழைய சாவியை அழித்துவிடாதீர்கள். ஆண்டு விவரம் தாக்கல் செய்யவேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளை வைத்திருக்க ஜிஎஸ்டி சட்டம் சொல்கிறது. பழைய பில்கள் பூட்டிய கடிதத்துக்குள் இருந்தால், அவற்றைத் திறக்க அந்தப் பழைய சாவிதான் வேண்டும். அல்லது வந்த அன்றே அச்செடுத்து ஃபைலில் கோத்துவிடுங்கள்.