தோற்பவனுக்கு எதிராகக் கட்டினால் வெல்லலாமா?

சிறுபோக அறுவடை முடிந்த ஒரு மாலை வேளை. கல்முனைக்குத் தெற்கே, கடலுக்கும் வயலுக்கும் இடைப்பட்ட ஒரு தேநீர்க் கடையில் நாம் அமர்ந்திருந்தோம். சுற்றிலும் கமக்காரர். சிலர் யுத்த காலத்தில் மேட்டுக் காணியை விட்டு வந்து இன்னும் திரும்பாதவர்கள். சிலர் 2004 டிசம்பர் 26இல் கடல் வீட்டைக் கொண்டுபோன பின் மீள்குடியேற்றக் கிராமங்களுக்குப் போனவர்கள். நெல் விலை பற்றிய பேச்சு நடந்துகொண்டிருந்தது. மூலையில் இருந்த இளைஞர் ஒருவர் மட்டும் கைத்தொலைபேசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“என்ன தம்பி, இண்டைக்கும் போச்சா?” என்று பெரியவர் ஒருவர் கேட்டார்.

“போச்சு காக்கா. டிப்ஸ் சொல்றவன் சொன்ன கிரிக்கட் டீம் நாலு மெச்சும் தோத்துப் போச்சு.”

“அப்ப அவன் சொல்றதுக்கு மாத்திக் கட்டு. நீ பணக்காரனாகிருவாய்!”

எல்லோரும் சிரித்தார்கள். இளைஞர் சிரிக்கவில்லை. “அதத்தான் காக்கா நானும் யோசிக்கன். அதுக்கும் இப்ப வழி இருக்கு. ஒரு டீம் தோக்கும் எண்டும் கட்டலாம். வாங்கி விக்கவும் ஏலும். இது சூது இல்ல, வியாபாரம் எண்டு சொல்றாங்க.”

அவருக்கு அந்த இடத்திலேயே சரியான பதில் சொல்ல எம்மால் முடியவில்லை. அவரது கையில் இருந்தது தகப்பனின் நெல் விற்ற காசு என்பது பின்னர்தான் தெரிந்தது. அடுத்த போகத்தின் விதைக்கும் உரத்துக்கும் வைத்திருந்த காசு அது. அவரைப் போன்ற பிள்ளைகள் எமது கிராமங்களில் இன்னும் இருக்கிறார்கள். எனவே, அவரது கேள்விக்கு இங்கே பதில் தேடுவோம்.

புக்கியிலிருந்து கைத்தொலைபேசிக்கு

பந்தயம் எமது நாட்டுக்குப் புதியதல்ல. ஆங்கிலேயர் காலத்தில் கொழும்பிலும் நுவரெலியாவிலும் குதிரைப் பந்தயங்கள் நடந்தன. பின்னர் இங்கிலாந்தில் ஓடும் குதிரைகளின் மீது இங்குள்ள நகரங்களில் காசு கட்டும் கடைகள் பெருகின. அவற்றையே ‘புக்கி’ என்கிறோம். அவற்றிடம் வரி அறவிட 1988இல் ஒரு சட்டம் வந்தது. 2025இல் சூதாட்டத்தை ஒழுங்குபடுத்த ஒரு தனி அதிகாரசபையை அமைக்கும் சட்டத்தையும் பாராளுமன்றம் நிறைவேற்றியது.

முன்பெல்லாம் புக்கிக்குப் போக பஸ் ஏற வேண்டும், நாலு பேர் காண்பார்கள் என்ற கூச்சமும் இருந்தது. இன்று கடை சட்டைப் பைக்குள் வந்துவிட்டது. நடுச்சாமத்திலும் அது திறந்திருக்கிறது.

டிப்ஸ் சொல்பவரின் தந்திரம்

“இன்றைக்கு இந்த அணிதான்” என்று அடித்துச் சொல்பவருக்கு அது எப்படித் தெரிகிறது? அவரது பழைய தந்திரம் ஒன்றைப் பாருங்கள். 800 பேரின் தொலைபேசி இலக்கங்களை அவர் வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 400 பேருக்கு ‘முதல் அணி வெல்லும்’ என்றும், மற்ற 400 பேருக்கு ‘இரண்டாவது அணி வெல்லும்’ என்றும் அனுப்புவார். எது வென்றாலும் 400 பேருக்குச் சரியாகச் சொல்லியிருப்பார். அவர்களை மீண்டும் இரண்டாகப் பிரிப்பார். மூன்றாவது ஆட்டம் முடியும்போது 100 பேர் மிஞ்சுவார்கள். அந்த 100 பேருக்கும் அவர் மூன்று தடவை தொடர்ந்து பலித்த ஞானி. நாலாவது தடவை அவர் பணம் கேட்பார். மற்ற 700 பேரின் கதை இந்த 100 பேருக்கும் தெரியாது.

வேறு சிலர் பந்தய நிறுவனங்களுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிறார்கள். அவர்கள் மூலம் சேர்ந்தவர் தோற்கும் பணத்தில் ஒரு பங்கை நிறுவனம் அவர்களுக்குக் கொடுக்கும். நீங்கள் தோற்றால்தான் அவர்களுக்கு வருமானம்.

அப்படியானால் அவர்கள் சொல்வதற்கு எதிராகக் கட்டுவது புத்திதானே? இங்கேதான் எமது தம்பி தடுக்கி விழுகிறார்.

தராசுக்காரரின் கழிவு

நெல் வியாபாரி வயலுக்கு வந்து நிறுக்கும்போது என்ன செய்கிறார்? சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று மூட்டைக்கு இரண்டு கிலோ கழிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதே தராசில் நீங்கள் விதை நெல் வாங்கினாலும் சற்றுக் குறையத்தான் கிடைக்கும். விற்றாலும் கழிவு, வாங்கினாலும் கழிவு. பக்கம் மாறியதால் தராசு நேராகாது.

பந்தயமும் இப்படித்தான். சமபலமுள்ள இரண்டு அணிகள் விளையாடுகின்றன. நியாயப்படி, 1000 ரூபா கட்டி வென்றவருக்கு முதலோடு 2000 ரூபா கிடைக்க வேண்டும். புக்கி 1900 ரூபாதான் தருகிறார். ஒருவர் ஒரு பக்கமும் மற்றவர் மறுபக்கமும் ஆளுக்கு 1000 கட்டினால் 2000 ரூபா சேர்கிறது. வென்றவருக்கு 1900 போகிறது. யார் வென்றாலும் 100 ரூபா புக்கியிடம் தங்கிவிடுகிறது.

டிப்ஸ் சொல்பவரைப் பின்பற்றுகிறவர் நாளடைவில் தோற்பதற்கு முக்கிய காரணம் இந்தக் கழிவுதான். அவர் சொல்வதில் பாதி பலிக்கும், பாதி பிழைக்கும். எப்போதும் பிழையாகச் சொல்வதற்கும் ஒருவருக்கு எதிர்காலம் தெரிந்திருக்க வேண்டுமே! அவருக்கு அது தெரியாது. ஆகவே அவருக்கு எதிராகக் கட்டுபவருக்கும் பாதி பலிக்கும், பாதி பிழைக்கும், கழிவு மட்டும் தவறாமல் போகும்.

எதிர்ப்பக்கம் நின்றால்?

2000ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் அன்ட்ரூ பிளாக், எட்வர்ட் ரே என்ற இருவர் ‘பெட்ஃபெயார்’ என்ற பந்தயச் சந்தையைத் தொடங்கினர். அங்கே புக்கி இல்லை. ஒருவர் ‘இந்தக் குதிரை வெல்லும்’ என்று கட்டுவார். இன்னொருவர் ‘வெல்லாது’ என்று எதிர்ப்பக்கம் நிற்பார். இதை ‘லே’ என்கிறார்கள். இருவரையும் சேர்த்துவைக்கும் சந்தை, வென்றவரின் இலாபத்தில் தரகு எடுக்கும். பல ஆண்டுகளாக அதன் வழக்கமான தரகு நூற்றுக்கு 5 வீதமாக இருந்தது.

‘வெல்லாது’ என்று நிற்பவர் உண்மையில் புக்கியின் கதிரையில் அமர்கிறார். குதிரை தோற்றால் மற்றவர் கட்டிய பணம் அவருக்கு. வென்றாலோ, அவர்தான் பணம் கொடுக்க வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். இங்கிலாந்துப் பந்தயங்களில் அதிகம் பேர் நம்பும் குதிரை ஏறத்தாழ மூன்றில் ஒரு தடவை வெல்கிறது. அப்படியான குதிரைக்கு விலை 3 என்று வைப்போம். அதாவது 1000 கட்டியவர் வென்றால் முதலோடு 3000 பெறுவார். நீங்கள் எதிர்ப்பக்கம் நிற்கிறீர்கள். முதல் ஓட்டத்தில் குதிரை தோற்கிறது, உங்களுக்கு 1000. இரண்டாவதிலும் தோற்கிறது, இன்னும் 1000. மூன்றாவதில் வெல்கிறது, நீங்கள் 2000 கொடுக்கிறீர்கள். மூன்று நாள் ஓடி மிஞ்சியது பூச்சியம். வென்ற இரண்டு தடவைக்கும் தரகு 50 வீதம் மொத்தம் 100 ரூபா உங்கள் பையிலிருந்து போய்விட்டது.

விலை 10 உள்ள குதிரை என்றால் ஆபத்து இன்னும் பெரிது. 1000 ரூபா கிடைப்பதற்காக 9000 ரூபாவைப் பணயம் வைக்கிறீர்கள். பெரும்பாலான நாட்களில் வெல்வீர்கள், வீட்டில் எல்லோருக்கும் நம்பிக்கை வரும். பின்பு ஒரே நாளில் அத்தனையும் போகும். வரம்பில் நண்டு துளைத்த ஓட்டை போன்றது இது. நீர் கசிவது தெரியாது, வரம்பு உடைவது மட்டும் தெரியும்.

வாங்கி விற்றால்?

‘ட்ரேடிங்’ என்பது என்ன? விலை 3 ஆக இருக்கும்போது ஓர் அணி வெல்லும் என்று 1000 கட்டுகிறீர்கள். ஆட்டம் அந்த அணிக்குச் சாதகமாகி விலை 2.50க்கு இறங்குகிறது. அப்போது 1200 ரூபாவுக்கு எதிர்ப்பக்கம் நிற்கிறீர்கள். யார் வென்றாலும் உங்களுக்கு 200 ரூபா, தரகு போக 190. கேட்க இனிமைதான்.

ஆனால் விலை 3.75க்கு ஏறினால்? 800 ரூபாவுக்கு எதிர்ப்பக்கம் நின்று வெளியேறலாம். யார் வென்றாலும் 200 ரூபா நட்டம். விலை ஏறுமா, இறங்குமா என்பதே இங்கு பந்தயம். சூது போகவில்லை, பெயர்தான் மாறியிருக்கிறது.

மேலும், நீங்கள் தொலைபேசியில் காணும் பந்து சில வினாடிகளுக்கு முன்னரே வீசப்பட்டுவிட்டது. மைதானத்தில் இருப்பவரும் வேகமான கணினி வைத்திருப்பவரும் அதற்குள் விலையை மாற்றிவிடுவார்கள். நேற்றைய சந்தை விலையைக் கேட்டு இன்று நெல் விற்கப் போகிறவரின் நிலைதான் உங்களுக்கு.

விதி யார் கையில்?

இதில் வெல்பவரே இல்லையா? மிகச் சிலர் இருக்கிறார்கள். அவர்களையும் சந்தை சும்மா விடவில்லை. தொடர்ந்து வெல்பவரிடம் 2008இல் பெட்ஃபெயார் மேலதிகக் கட்டணம் கேட்டது. 2011இல் மிகப் பெரிய இலாபம் பெறுவோருக்கு அது நூற்றுக்கு 60 வீதம் வரை உயர்த்தப்பட்டது.

அதே 2011 டிசம்பர் 28இல் அயர்லாந்தில் ஒரு குதிரைப் பந்தயம் நடந்தது. வெல்லும் நிலையில் முன்னே ஓடிக்கொண்டிருந்த ஒரு குதிரைக்கு எதிராக, பிழைபட்ட கணினி நிரல் ஒன்று 29 என்ற விலையில் 2 கோடிப் பவுணுக்கும் அதிகமான பந்தயத்தை ஏற்க நின்றது. குதிரை வென்றது. அந்தக் கணக்கில் 1000 பவுண்கூட இருக்கவில்லை. கொடுக்க வேண்டியதோ சுமார் 60 கோடிப் பவுண். ஓட்டத்தின்போது கட்டப்பட்ட பந்தயங்கள் எல்லாவற்றையும் நிறுவனம் இரத்துச் செய்தது. கட்டியவர்களுக்கு முதல் திரும்பியது, வென்ற பணம் கிடைக்கவில்லை.

பேர்போன, அனுமதி பெற்ற நிறுவனத்திலேயே இப்படி என்றால், முகம் தெரியாத முகவர் ஒருவர் இரகசிய எண் கொடுத்து, கடனுக்கு விளையாடவிட்டு, கையில் காசு வாங்கும் சந்தையில் எமது பிள்ளைகள் யாரிடம் போய் முறையிடுவார்கள்? ஆட்டமே விலை பேசப்பட்டிருந்தால் கணக்கு எதற்கு உதவும்? அந்தக் கேட்டுக்காகவே எமது நாட்டிலும் 2019இல் விளையாட்டுத் தொடர்பான தவறுகளைத் தடுக்கும் 24ஆம் இலக்கச் சட்டம் கொண்டுவரப்பட்டது. இந்தியா 2025இல் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களையே தடைசெய்தது.

“கமமும் சூதுதானே?”

இப்படிக் கேட்பவர்களும் உண்டு. மழை பொய்க்கிறது, வெள்ளம் வருகிறது. 2021இல் இரசாயன உரம் நிறுத்தப்பட்டபோது விளைச்சல் வீழ்ந்து கடன் ஏறியதை நாம் மறக்கவில்லை. ஆயினும் நல்ல போகம் வந்தால் பக்கத்து வயல்காரரும் சேர்ந்தே விளைவிப்பார். உங்கள் களத்தில் நெல் நிறைவதற்கு அவரது களம் வெறுமையாக வேண்டியதில்லை. கெட்ட போகத்திலும் மண் மிஞ்சும். பந்தயத்தில் புதிதாக ஒரு நெல்மணியும் விளைவதில்லை. ஒருவர் கண்ணீர்தான் இன்னொருவர் இலாபம், நடுவே தராசுக்காரரின் கழிவு.

அல்குர்ஆனின் 5ஆம் அத்தியாயம் 90ஆம் வசனம் மதுவோடு சூதையும் விலக்குகிறது என்பது எமது முஸ்லிம் சகோதரர் வீடுகளில் பிள்ளைகளுக்கும் தெரியும். அது தெரிந்த பிள்ளையையே ‘இது வியாபாரம்’ என்ற ஒரு சொல் ஏமாற்றுகிறது. ஆகவே பெயரைக் கேட்காமல் கணக்கைக் கேட்போம்.

நாம் என்ன செய்யலாம்?

ஏசுவதால் பயனில்லை. ஏசினால் கடன் ஒளிக்கப்படும். ஒளித்த கடன் உம்மாவின் நகையையும் காணி உறுதியையும் தேடிப் போகும். முதலில் கடன் முழுவதையும் ஒரு தாளில் எழுதச் செய்வோம். ‘விட்டதைப் பிடிப்போம்’ என்று மேலும் ஒரு சதமும் கட்டாதிருக்கத் துணை நிற்போம். வங்கி அட்டையும் தொலைபேசிக் கணக்கும் சில மாதங்களுக்கு வீட்டில் நம்பிக்கையானவர் கையில் இருக்கட்டும். அறுவடைக் காசு வந்த அன்றே விதை, உரம், உழவு ஆகியவற்றுக்கானதைப் பிரித்து வைப்போம். மனம் உடைந்து உயிரை மாய்க்கும் எண்ணம் வந்தால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம்.

அந்த இளைஞரை நாம் மீண்டும் சந்தித்தோம். மேலே உள்ள கணக்குகளை ஒரு கொப்பித் தாளில் அவரே போட்டுப் பார்த்தார். நீண்ட நேரம் பேசவில்லை. பின்னர், “அப்ப ரெண்டு பக்கமும் ஒரே கிடங்குதான்” என்றார். தகப்பனிடம் சொல்லிவிட்டாரா என்று கேட்டோம். “இன்னும் இல்ல. நீங்களும் கூட வாறீங்களா?” என்றார்.

நாம் கூடப் போனோம்.

குழுவாகக் கலந்துரையாட:

1. எமது கிராமத்தில் அறுவடைக் காசு வீட்டுக்கு வந்த பின் எந்தெந்த வழிகளில் வெளியேறுகிறது?

2. கடன்பட்ட பிள்ளை அச்சமின்றி வந்து சொல்லக்கூடிய ஒருவர் எமது குழுவில் இருக்கிறாரா?

3. அடுத்த போகத்துக்கான பணத்தைக் கூட்டாகப் பாதுகாக்க எமது சங்கம் என்ன செய்யலாம்?