‘ஸ்மேக்’ என்றால் அடி இல்லையா? ஆங்கிலம் அடியைச் சின்னதாக்கிய கதை

2022 மார்ச் 21 அன்று வேல்ஸில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. அன்று முதல் அங்கே பெற்ற பிள்ளையை அடித்தாலும் குற்றம்தான். ஊடகங்கள் அதற்கு வைத்த பெயர் ‘ஸ்மேக்கிங் தடை’. சட்டத்தின் பெயரில் ஸ்மேக் என்ற சொல்லே இல்லை. ‘நியாயமான தண்டனை’ என்று சொல்லித் தப்பிக்கும் வழியை ஒழிக்கும் சட்டம் என்பதுதான் அதன் பெயரின் பொருள். அதற்கு 16 மாதங்களுக்கு முன்பே, 2020 நவம்பரில், ஸ்காட்லாந்தில் இதேபோன்ற சட்டம் அமலுக்கு வந்திருந்தது. அதன் பெயரில் இருப்பது அஸால்ட், அதாவது தாக்குதல். தாக்குதலில் இருந்து குழந்தைகளுக்கும் சமமான பாதுகாப்பு என்கிறது அந்தப் பெயர்.

நடப்பது என்னவோ ஒன்றுதான். பெரியவர் ஒருவர் தன்னைவிடச் சின்ன உடம்பின் மேல் கையை ஓங்குகிறார். அதற்கு ஸ்மேக், பனிஷ்மென்ட், அஸால்ட் என்று மூன்று பெயர். ‘பெற்றோர் லேசாக ஸ்மேக் பண்ணலாமா?’ என்று கேட்டால், பண்ணட்டுமே, அதனால் என்ன என்பார்கள் பலர். ‘குழந்தையைத் தாக்கலாமா?’ என்று அவர்களிடமே கேட்டுப் பாருங்கள். பிரிட்டனில் இந்த விவாதம் பல வருடங்கள் இழுத்ததற்கு, எந்தச் சொல்லை எடுப்பது என்ற இந்த இழுபறியும் ஒரு காரணம்.

ஓசையில் பிறந்த சொற்கள்

தமிழில் நாம் ‘பளார்னு ஒண்ணு விட்டான்’ என்போம். ஓசை தனி, வினை தனி. ஆங்கிலத்தில் ஓசையே வினையாகிவிடும். ஸ்மேக், ஸ்லாப், ஸ்பேங்க், வேக் எல்லாமே விழும் அடியின் சத்தத்தைக் காதில் போட்டுக்கொண்டு உருவான சொற்கள். கார்ட்டூனில் சுத்தியல் தலையில் விழும்போது திரையில் வருமே, அந்த ரகம். வாய்விட்டுச் சொன்னாலே லேசாகச் சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பில்தான் சிக்கல்.

இவற்றின் இலக்கணத்தையும் கவனிக்க வேண்டும். ‘அவனை அடித்தேன்’ என்று நேராகச் சொல்லாமல் ‘ஒரு ஸ்மேக் கொடுத்தேன்’ என்பார்கள், ஏதோ மிட்டாய் கொடுத்த மாதிரி. காதோரம் கொடுப்பது ‘கிளிப்’. பின்பக்கம் கொடுப்பது ‘டேப்’. தனியார் பள்ளிக்கூடங்களில் பிரம்பால் ஆறு அடி வாங்குவதற்கு ‘சிக்ஸ் ஆஃப் தி பெஸ்ட்’ என்று பெயர். அருமையான ஆறு! கையிலோ பின்புறத்திலோ தழும்போடு வந்த பையனும் அதே பெயரைச் சொல்லித்தான் நண்பர்களிடம் பெருமையடித்துக்கொண்டான். நம்ம ஊரிலும் ‘ரெண்டு போட்டேன்’, ‘ரெண்டு தட்டு தட்டினேன்’ என்றுதான் சொல்கிறோம். எதைப் போட்டோம் என்பது சொல்லில் வராது.

அடி வாங்குகிறவர்களிடம் இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று யாராவது கேட்டிருக்கிறார்களா? கேட்டிருக்கிறார்கள். 1998-ல் பிரிட்டனில் நேஷனல் சில்ட்ரன்ஸ் பீரோவும் சேவ் தி சில்ட்ரன் அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை அதைத்தான் செய்தது. அதற்காகப் பேசியது ஐந்து முதல் ஏழு வயதுக் குழந்தைகளிடம். ஸ்மேக் என்றால் என்ன என்ற கேள்விக்கு அந்த வாண்டுகள் சுற்றி வளைக்கவில்லை. அது அடி, பெரும்பாலும் பலமான அடி என்றே சொன்னார்கள். ‘லேசாக’, ‘அன்போடு’, ‘வலிக்காமல்’ என்று பெரியவர்கள் ஒட்டவைக்கும் அடைமொழி எதுவும் அவர்கள் பேச்சில் இல்லை.

தோலும் கதிரும்

கோபம் ஏறும்போது சொற்களின் ரகம் மாறுகிறது. பலமாக அடிப்பதற்கு ஆங்கிலத்தில் ‘ஹைடிங்’ என்பார்கள். ‘ஹைட்’ என்றால் விலங்கின் தோல். தோலைப் பதனிடுவதற்கான ‘டேன்’ என்ற சொல்லும் பிள்ளைகளை மிரட்டப் பயன்பட்டது. ‘தோலை உரிச்சிடுவேன்’ என்று இங்கே கத்துவதற்கும் அதற்கும் பெரிய தூரமில்லை.

‘த்ராஷ்’ வயலில் இருந்து வந்தது. கதிரடிப்பதற்கான ‘த்ரெஷ்’ என்ற சொல்லும் இதுவும் ஒரே சொல்லின் இரண்டு வடிவங்கள். கதிரைத் தடியால் அடித்து மணியைப் பிரிப்பது போல ஆளைப் போட்டு அடிப்பது. இந்த வகையில் தமிழ் வண்ணான் துறைக்குப் போயிருக்கிறது: துவைத்து எடுத்தான், வெளுத்து வாங்கினான். இதில் ஒரு வேடிக்கை, இரண்டு மொழியிலும் இதே சொற்கள் பாராட்டாகவும் மாறிவிட்டன. மேடையில் நன்றாகப் பேசியவர் ‘வெளுத்து வாங்கிட்டார்’. நொறுக்குவதற்கான ‘ஸ்மாஷிங்’ பிரிட்டனில் பிரமாதம் என்று பொருள்படும். ‘ஹேமர்ட்’ யாரென்று வார இறுதி பார்ட்டிக்குப் போகிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

‘ஹிட்’ என்ற சொல் பழைய நார்ஸ் மொழியில் இருந்து ஆங்கிலத்துக்குப் போனது. அங்கே அதற்கு எதிர்ப்படுவது, கண்டடைவது என்று பொருள். ஸ்வீடனில் இன்றும் ‘ஹித்தா’ என்றால் கண்டுபிடிப்பதுதான். பெற்றோர் பிள்ளையை அடிப்பதற்கு உலகிலேயே முதலில், 1979-ல், தடை போட்ட நாடும் ஸ்வீடன்தான். தடை வந்த விவரத்தைப் பால் பாக்கெட்டுகளில் அச்சடித்து ஒவ்வொரு வீட்டின் சாப்பாட்டு மேசைக்கும் அனுப்பினார்கள்.

பெயர் வாங்கிய கருவிகள்

பள்ளிக்கூட அடிக்கு வந்தால், கருவியின் பெயரே தண்டனையின் பெயராகிவிடுகிறது. இங்கிலாந்துப் பள்ளிகளில் ‘கேன்’, நம்ம பிரம்பேதான். அதற்கு முந்தைய காலத்தில் ‘பர்ச்’, அந்த மரத்தின் மிலாறுகளைக் கட்டாகக் கட்டியது. ஸ்காட்லாந்தில் ‘டாஸ்’ என்ற தோல்வார். நுனியில் இரண்டாகவோ மூன்றாகவோ கிழித்திருக்கும், அடி உள்ளங்கையில் விழும். பிள்ளைகள் அதை ‘பெல்ட்’ என்பார்கள். அதைச் செய்து அனுப்பிய லாக்கெலி என்ற சிற்றூரின் பெயரே வாருக்கும் பெயரானது. காஞ்சிபுரம் என்றால் பட்டு ஞாபகம் வருகிற மாதிரி, அந்தத் தலைமுறை ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு லாக்கெலி என்றால் உள்ளங்கை எரியும்.

அந்த வாரை முடிவுக்குக் கொண்டுவந்ததில் இரண்டு அம்மாக்களுக்குப் பங்குண்டு. ஒருவரின் மகன் கல்லறைத் தோட்டத்தின் வழியாகக் குறுக்கே போனதற்காக டாஸ் அடி என்றார்கள். பையன் கையை நீட்ட மறுத்தான். பள்ளி அவனை இடைநீக்கம் செய்தது. வழக்கு ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் வரை போனது. பிள்ளையை அடிக்கக் கூடாது என்பது பெற்றோரின் கொள்கை என்றால் அரசு அதை மதிக்க வேண்டும் என்று 1982-ல் தீர்ப்பு வந்தது. நான்கு வருடம் கழித்து, அரசுப் பள்ளிகளில் அடிக்குத் தடை விதிக்கும் பிரிவு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் கீழவையில் 231-க்கு 230 என்ற கணக்கில் தப்பியது. ஒரே ஒரு ஓட்டு! 1987-ல் தடை அமலானது. கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிகளுக்கு இங்கிலாந்தில் 1999 வரை அவகாசம் கிடைத்தது.

அமெரிக்காவில் கருவி ‘பேடில்’, துடுப்பு மாதிரி தட்டையான பலகை. அடியை எண்ணுவது ‘ஸ்வாட்’ அல்லது ‘லிக்’ கணக்கில். ஈ அடிப்பதற்கும் ஸ்வாட் என்றுதான் பெயர். ஃபுளோரிடாவில் 14 வயது மாணவன் ஒருவனை மேசை மேல் அழுத்திப் பிடித்து 20 தடவைக்கு மேல் பலகையால் அடித்தார்கள். ரத்தம் கட்டிப்போய் அவனால் பல நாள் பள்ளிக்கு வர முடியவில்லை. 1977-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று தீர்ப்பளித்தது. கொடூரமான தண்டனைக்கு எதிரான அரசியலமைப்புப் பாதுகாப்பு குற்றவாளிகளுக்கானதாம், பள்ளி மாணவர்களுக்குப் பொருந்தாதாம். சிறைக் கைதிக்கு உள்ள கவசம் எட்டாம் வகுப்புப் பையனுக்கு இல்லை! அந்நாட்டின் பல மாநிலங்களில் பலகை இன்னும் சட்டப்படி செல்லும்.

‘நியாயமான’ என்ற ஒரு சொல்

இந்தச் சொற்களிலேயே கனமானது கொச்சைச் சொல் இல்லை, சட்டச் சொல்: ‘ரீசனபிள்’. அதன் வரலாறு ஒரு சாவில் தொடங்குகிறது.

1860-ல் இங்கிலாந்தின் ஈஸ்ட்போர்னில் தாமஸ் ஹாப்லி என்ற ஆசிரியர், படிப்பு ஏறாத மாணவன் ஒருவனை அடித்துத் திருத்த அவன் அப்பாவிடம் கடிதம் எழுதி அனுமதி கேட்டார். அப்பாவும் சரி என்றார். கைத்தடியாலும் ஸ்கிப்பிங் கயிற்றாலும் இரவில் நெடுநேரம் அடி. மறுநாள் காலை பையன் உயிரோடு இல்லை. ஹாப்லிக்கு நான்கு வருட சிறை கிடைத்தது. வழக்கை விசாரித்த தலைமை நீதிபதி காக்பர்ன், பெற்றோரோ ஆசிரியரோ பிள்ளையைத் திருத்துவதற்காக மிதமான, நியாயமான உடல் தண்டனை கொடுக்கலாம், இது அந்த எல்லையைத் தாண்டிவிட்டது என்று விளக்கினார்.

பிள்ளையைக் கொன்றவரைத் தண்டித்த தீர்ப்புதான், பிற்காலத்தில் அடித்தவர்களைக் காப்பாற்றும் வாசகமாகவும் மாறியது. எது நியாயம், எவ்வளவு மிதம் என்பதை ஒவ்வொரு நடுவர் குழுவும் அதன் மனப்போக்குப்படி முடிவு செய்தது. 1990-களில் ஒன்பது வயதுப் பையனைத் தோட்டத்துப் பிரம்பால் பலமுறை விளாசிய மாற்றாந்தந்தையை, இங்கிலாந்து நடுவர் குழு ‘நியாயமான கண்டிப்பு’ என்று விடுவித்தது. ஐரோப்பிய நீதிமன்றம் 1998-ல் அதை ஏற்கவில்லை. பையனுக்கு 10,000 பவுண்டு இழப்பீடு கொடுக்க பிரிட்டிஷ் அரசுக்கு உத்தரவிட்டது.

அதற்குப் பிறகும் சொல் போகவில்லை, சுருங்கியது. 2004-ல் வந்த சட்டம், உடலில் காயம் ஏற்பட்டால் ‘நியாயமான தண்டனை’ என்று வாதிட முடியாது என்றது. காயம் தெரியாவிட்டால் வாதிடலாம். இதில் உள்ள ஓட்டை வழக்கறிஞர்களுக்கு மட்டும் தெரிந்ததில்லை: எல்லார் தோலும் ஒரே மாதிரி சிவக்காது. கறுத்த தோலில் தடம் சட்டென்று கண்ணுக்குத் தெரியாது. கனடாவின் உச்ச நீதிமன்றம் அதே 2004-ல் இன்னும் நுணுக்கமாக இறங்கியது. இரண்டு வயதுக்குக் கீழ் கூடாது, பதின்ம வயதில் கூடாது, எந்தப் பொருளாலும் கூடாது, தலையில் கூடாது. எங்கே, எப்படி, எந்த வயதில் அடிக்கலாம் என்று நீதிபதிகள் அளந்து கொடுத்த தீர்ப்பு அது.

சிங்கப்பூர், மலேசியத் தமிழர்களுக்கு இந்தச் சொற்கள் அகராதி விஷயமே இல்லை. பிரம்புக்கு மலாய்ச் சொல் ‘ரோத்தான்’. ஆங்கிலத்தின் ‘ரட்டான்’ அதிலிருந்து வந்ததுதான். ஆங்கிலேயர் ஆட்சி கொண்டுவந்த பிரம்படித் தண்டனை சிங்கப்பூரில் இன்றும் சட்டத்தில் இருக்கிறது, 50 வயதுக்கு உட்பட்ட ஆண்களுக்கு, ஒரு வழக்கில் அதிகபட்சம் 24 அடி. வீட்டில் பிள்ளையை மிரட்டும் மெல்லிய குச்சியும் சிறையில் சதையைக் கிழிக்கும் கனத்த பிரம்பும் ஆங்கிலத்தில் ‘கேனிங்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. இந்தியாவிலும் 1864-ல் ஆங்கிலேயர் கொண்டுவந்த கசையடிச் சட்டம் இருந்தது. சுதந்திரம் வந்து எட்டு வருடம் கழித்து, 1955-ல்தான் அது ஒழிந்தது. பள்ளிகளைப் பொறுத்தவரை 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் 17-வது பிரிவில் உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் சேர்த்தே தடை செய்திருக்கிறது. ‘ரீசனபிள்’ மாதிரி ஒரு சன்னல் அந்தப் பிரிவில் இல்லை.

சட்டம் தடுத்த பிறகும் சொற்கள் எங்கும் போய்விடவில்லை. சட்டமன்றத்தில் கட்சியின் ‘விப்’ இருக்கிறார். வேட்டை நாய்களைச் சாட்டையால் கூட்டத்துக்குள் ஒதுக்குகிற ஆளின் பெயரில் இருந்து வந்த பதவி அது. நாமும் அதைச் சாட்டையின் பெயராலேயே ‘கொறடா’ என்று ஆக்கிக்கொண்டோம். ஆங்கிலப் பத்திரிகையில் நீதிமன்றம் அரசை ‘ராப்’ செய்தால், அதாவது விரல் முட்டியில் தட்டினால், தமிழ்ப் பத்திரிகையில் ‘நீதிமன்றம் குட்டு’ என்று தலைப்பு வரும். அந்த அடி முட்டியில், இந்த அடி தலையில். கையில் இருக்கிற போனின் ‘பேட்டரி’கூட அடிதான். ஃபிரெஞ்சில் அடிப்பதற்கான சொல் கோட்டைச் சுவரைப் பிளக்கும் பீரங்கி வரிசைக்குப் பெயராகி, 18-ம் நூற்றாண்டில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் வாயிலாக மின்சார ஜாடி வரிசைக்கும் வந்தது. ஆங்கிலச் சட்டப் புத்தகத்தில் மட்டும் பேட்டரிக்கு இன்னும் பழைய பொருளே. சம்மதமில்லாமல் ஒருவர் உடம்பின் மேல் கை வைப்பது. 2004-ன் சட்டம் இங்கிலாந்துப் பெற்றோருக்கு விட்டுவைத்ததும், காயம் தெரியாத அந்த பேட்டரியைத்தான்.