இயக்கத்தால் இனம் அறிதல்

கொட்டாஞ்சேனையில் ஒரு தேவாலயக் கோபுரத்தின் மணி அடிக்கிறது. கயிற்றை இழுத்தவர் கையை விட்டதும் மணியின் ஆட்டம் மெல்ல மெல்லக் குறுகி, ஈற்றில் ஓய்ந்துவிடுகிறது. அதே வேளையில் வெள்ளவத்தையில் ஒரு வீட்டுச் சுவரிலே பழைய கடிகாரத்தின் ஊசல் ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கிறது. இரண்டும் உலோகத்தால் ஆனவை, இரண்டும் தொங்குபவை, இரண்டும் ஆடுபவை. எனினும் பௌதிக அறிஞர் இவ்விரண்டையும் ஒரே வகுப்பில் வைப்பதில்லை.

வானொலிப் பெட்டிக்குள்ளே கம்பிச்சுருள் ஒன்றும், மின்னேற்றத்தைத் தேக்கும் கொள்ளளவி ஒன்றும் இணைந்திருக்கின்றன. அவற்றிடையே மின்னோட்டம் முன்னும் பின்னுமாக அலைகிறது. வெளியிலிருந்து ஊட்டம் கிடையாவிடில், கம்பியின் தடை அந்த அலைவைத் தேய்த்து அழித்துவிடும். கோபுரத்து மணிக்கும் இந்தச் சுற்றுக்கும் தோற்றத்தில் யாதொரு உறவும் இல்லை. ஆயினும் சிற்றாட்டங்களுக்கு இரண்டும் ஒரே வடிவான சமன்பாட்டுக்குக் கட்டுப்படுகின்றன. இரண்டும் ஒரே இனம்.

ஆகவே, ஒரு தொகுதி எதனால் ஆனது என்பதன்று இங்கே கேள்வி. அதனைத் தன்போக்கில் விட்டால், காலம் செல்லச் செல்ல என்ன ஆகும்? சிறிது தள்ளிவிட்டால் பழைய நிலைக்கு மீளுமா, விலகிப் போகுமா? இவையே இயக்கவியல் தரும் உரைகற்கள். தொங்கும் உலக்கையை விரலால் தட்டினால் அது ஆடி அடங்கும். அதே உலக்கையை நுனியில் நிறுத்திவைத்துத் தட்டினால் விழுந்துவிடும். முன்னது உறுதியான சமநிலை. பின்னது உறுதியற்ற சமநிலை. இந்த வேறுபாட்டுக்கு ருஷ்ய அறிஞர் லியாபுனொவ் 1892ஆம் ஆண்டில் திட்டமான கணித வரைவிலக்கணம் வகுத்தார்.

கடிகாரம் வேறு இனம். உராய்வினால் ஊசல் இழக்கும் சக்தியை முறுக்கிய வில் அளந்து அளந்து ஈடுசெய்கிறது. ஊசலைச் சற்று மிகுதியாகத் தள்ளிவிட்டாலும் ஆட்டம் தன் அளவுக்குத் தணியும். சற்றுக் குறைத்தாலும் தன் அளவுக்கு வளரும். தொடக்கம் மறக்கப்பட்டு, தாளம் மட்டும் நிலைக்கிறது. ஒல்லாந்து நாட்டு வான்டெர்போல் 1920களில் வானொலி வால்வுச் சுற்றுகளில் இதே நடத்தையை ஆராய்ந்தார். 1928இல் இதயத் துடிப்பையும் அதே இனத்தில் சேர்த்துக் காட்டினார்.

ஓய்வதுமின்றி, ஒரே தாளத்தில் மீள்வதுமின்றி இயங்கும் இனமும் உண்டு. அமெரிக்க வானிலை அறிஞர் எட்வேர்ட் லொரென்ஸ் 1963இல், கீழிருந்து வெப்பமூட்டிய பாய்பொருளின் இயக்கத்தை மூன்று சமன்பாடுகளாகச் சுருக்கி ஆராய்ந்தார். தொடக்கத்தில் இருந்த நுண்ணிய வேறுபாடு விரைவிலே பெருவேறுபாடாக வளர்ந்தது. விதி திட்டமானது, எனினும் நெடுங்கால முன்னறிவிப்பு இயலாதது.

இந்த உரைகற்கள் பொருள்களை மட்டுமன்றி, பொருள்களைப் பற்றிய கொள்கைகளையும் சோதிக்க வல்லவை. இதற்குச் சிறந்த சான்று, கொழும்பில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியராக 1949 முதல் 1959 வரை விளங்கிய சி. ஜே. எலியேசரின் ஆய்வு. பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியில் பயின்ற அவர், கேம்பிரிட்ஜில் பேரறிஞர் டிராக்கின் வழிகாட்டலில் ஆராய்ச்சி செய்தவர்.

ஆர்முடுகும் இலத்திரன் ஒளியலைகளை வீசிச் சக்தியை இழக்கிறது. அவ்விழப்பு இலத்திரனின் இயக்கத்தையே திருப்பித் தாக்குகிறது. இதற்கான சமன்பாட்டை டிராக் 1938இல் அமைத்தார். சாதாரண இயக்க விதிக்குத் தொடக்க இடமும் வேகமும் போதும்; இச்சமன்பாடோ தொடக்க ஆர்முடுகலையும் கேட்டது. அதனால் புறவிசை ஏதுமின்றியே ஒளியின் வேகத்தை நோக்கி இலத்திரன் தறிகெட்டு ஓடும் தீர்வுகளும் நுழைந்தன. இறுதியில் ஆர்முடுகல் அற்றுப்போகும் தீர்வுகளையே ஏற்பது என்று டிராக் வரம்பு கட்டினார்.

அந்த வரம்பு எப்போதும் காக்குமா? எலியேசர் 1943இல் ஐதரசன் அணுவை எடுத்துக்கொண்டார். இலத்திரன் புரோத்தனை நோக்கி நேர்கோட்டில் செல்கிறது. எதிரின மின்னேற்றங்களாதலால் ஈர்ப்பு மிகுகிறது. புரோத்தனில் போய் மோதும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். அவரது கணிப்போ வேறு விடை தந்தது. இலத்திரன் புரோத்தனை ஒருபோதும் அடையாது. இடைவழியில் நின்று, திரும்பி, தன்னை ஈர்ப்பதை விட்டே தறிகெட்டு ஓடும். டிராக்கின் வரம்புக்குள் அடங்கும் தீர்வு ஒன்றேனும் அங்கே இல்லை. ஆசிரியரின் சமன்பாட்டை, அதன் இயக்கத்தை இறுதிவரை பின்தொடர்ந்தே மாணாக்கர் சோதித்தார்.

குறை கண்டதோடு அவர் நின்றுவிடவில்லை. 1948இல் மாற்றுச் சமன்பாடொன்றை முன்வைத்தார். அதில் ஆர்முடுகலின் மாற்றவீதம் இருந்த இடத்தில் புறவிசையின் மாற்றவீதம் அமைந்தது. தறிகெட்ட ஓட்டமும் ஒழிந்தது. பிற்காலத்தில் வேறு வழியால் ஃபோர்ட், ஓ'கொனல் என்னும் இருவரும் இதே வடிவத்தை அடைந்தனர். இன்று அச்சமன்பாடு மூவர் பெயராலும் வழங்குகிறது. எலியேசர் பின்னர் மலாயாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பணியாற்றி, 2001இல் காலமானார்.

ஒருவரது குணம் போகப் போகத் தெரியும் என்பது ஊர் வழக்கு. மணிக்கும் கடிகாரத்துக்கும் மட்டுமன்று, ஏட்டில் எழுதிய சமன்பாட்டுக்கும் அது பொருந்தும். எழுதிய வடிவம் எத்துணை அழகாயினும், எழுதியவர் எத்துணைப் பெரியவராயினும், அது காட்டும் இயக்கம் காலப்போக்கில் எங்கே கொண்டு சேர்க்கிறது என்பதே அதன் தரத்தை முடிவு செய்கிறது.