பழைய வண்டியும் டர்போவும்

வேளாங்கண்ணியில் குடியிருப்பவர்களுக்கு மோட்டார் வண்டிகளின் ஓசை புதிதன்று. ஆகஸ்டு 29-ஆம் நாள் கொடியேறியது முதல் செப்டம்பர் 8-ஆம் நாள் திருநாள் நிறைவுறும் வரையில் நாகப்பட்டினம் சாலை வழியே வந்து சேரும் வண்டிகளுக்கு ஒரு கணக்கே இல்லை. அப்படி யாத்திரிகர்களை ஏற்றி இறக்கிப் பல ஆண்டுகள் உழைத்துக் களைத்த வண்டி ஒன்றை நான் விலைக்கு வாங்கினேன். 2009-ஆம் ஆண்டில் பதிவு செய்யப்பெற்ற மாருதி ஸ்விஃப்ட் டிசையர், டீசல் எஞ்சின். ஓடிய தூரம் 1,60,000 கிலோமீட்டர் என்று மானி சொல்லிற்று. உண்மையான தூரம் எவ்வளவு என்பது அந்த மானிக்கும் முன்னாள் சொந்தக்காரருக்குமே வெளிச்சம்.

என் தாயாரை மாதந்தோறும் தஞ்சாவூருக்கு மருத்துவம் பார்க்க அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் வழி. பேருந்தில் மாறி மாறிச் செல்ல அவர் உடல் இடங்கொடுக்கவில்லை. ஆகையால்தான் அந்த வண்டி.

வாங்கிய மூன்றாம் மாதம், ஒரு மாலைப் பொழுதில், திருவாரூரைத் தாண்டி வரும்போது எஞ்சின் தானாகவே கூவத் தொடங்கியது. மிதிகட்டையிலிருந்து காலை எடுத்துவிட்டேன், கூவல் நிற்கவில்லை. சாவியைத் திருகி அணைத்தேன், அப்பொழுதும் நிற்கவில்லை. வண்டிக்குப் பின்னே சாலையே தெரியாதபடி நீலப்புகை மண்டியது. அம்மா, "என்னப்பா இது, நெருப்பா?" என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. என்றோ ஒரு லாரி ஓட்டுநர் சொல்லியிருந்தது நல்வினையாக நினைவுக்கு வந்தது. பிரேக்கை முழுவதும் அழுத்தி, ஐந்தாம் கியரைப் போட்டு, கிளட்சைச் சட்டென்று விட்டேன். ஒரு குலுக்கலோடு எஞ்சின் அடங்கிற்று.

அன்று நடந்தது என்ன என்பதை விளக்க வேண்டுமானால், டர்போ என்ற கருவியைப் பற்றி முதலில் சொல்லியாக வேண்டும்.

கொல்லன் பட்டறையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கரியை அள்ளிப் போட்டால் மட்டும் உலை கனலாது. துருத்தி ஊத வேண்டும். எஞ்சினும் அப்படித்தான். எரிபொருளை எவ்வளவு புகுத்தினாலும், அதற்கேற்ற காற்று இல்லையென்றால் அது கரும்புகையாகத்தான் போகும். சாதாரண எஞ்சின் தன் மூச்சால் இழுக்கும் காற்றோடு திருப்தியடைகிறது. டர்போ உள்ள எஞ்சினுக்கோ ஒரு துருத்தி உண்டு. அந்தத் துருத்தியை இயக்குவது எது? வீணாக வெளியே போகும் சூடான புகையேதான். புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே அச்சின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. இந்த எண்ணத்துக்கு 1905-ஆம் ஆண்டிலே உரிமை பெற்றவர் ஸ்விட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் ஆல்பிரெட் பூஹி. அது பயன்படும் கருவியாகத் திரள அவர் மேலும் இருபது ஆண்டுகள் உழைக்க வேண்டியிருந்தது.

என் வண்டியின் எஞ்சின் இத்தாலியின் பியட் நிறுவனம் வகுத்தது; கொள்ளளவு 1248 கன சென்டிமீட்டர். டாட்டா இண்டிகா விஸ்டாவிலும் பியட் லினியாவிலும் இதே குடும்பத்து எஞ்சின் இருந்தது. பாரத் நிலை 6 மாசு விதிகள் நடைமுறைக்கு வந்த 2020-ஆம் ஆண்டில் மாருதி நிறுவனம் இதைச் செய்வதை நிறுத்திவிட்டது. இருப்பினும், இத்தனை வண்டிகளில் ஓடிய காரணத்தால், உதிரி உறுப்புகளுக்கு இன்றும் பஞ்சமில்லை.

இந்த எஞ்சின் எவ்வளவு விரட்டினாலும் நிமிடத்துக்கு ஐயாயிரம் சுற்றுகளை ஒட்டித்தான் சுழலும். டர்போவின் அச்சோ ஒரு லட்சம் சுற்றுகளுக்கும் மேலே சுழல்வது. அத்தகைய வேகத்தில் உலோகம் உலோகத்தைத் தொட்டால் கணத்தில் தேய்ந்துவிடும். அதனால் அந்த அச்சு எண்ணெய்ப் படலம் ஒன்றின்மேல் மிதந்தபடியே சுழல்கிறது. ஒரு புறம் பழுக்கக் காய்ந்த புகை; மறு புறம் வெளிக்காற்று; இடையில் மயிரிழை அளவு எண்ணெய். டர்போவின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

எண்ணெய் அழுக்கேறினால் அச்சு தேய்கிறது. தேய்ந்த அச்சு ஆடத் தொடங்குகிறது. ஆடினால் எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் வளையம் பழுதாகி, எஞ்சின் எண்ணெய் காற்றுக் குழாய்க்குள் கசிகிறது. டீசல் எஞ்சினுக்குப் பொறி தேவையில்லை. அழுத்தத்தின் வெப்பத்திலேயே எரிபொருள் பற்றிக்கொள்ளும். கசிந்த எண்ணெயையே அது எரிபொருளாகக் குடித்து ஓடுகிறது. சாவியை அணைத்தால் டீசல்தான் நிற்கும், எண்ணெய் நிற்காது. திருவாரூருக்கு அப்பால் நான் கண்டது இதுதான்.

இதற்குப் பிறகு நான் செய்த தவற்றையும் சொல்லிவிடுகிறேன். புதிய டர்போ ஒன்றை வாங்கிப் பொருத்தச் செய்தேன். பட்டறையில் பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டிக் கொடுத்தார்கள். நானும் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். நான்கு மாதத்தில் புதியதும் போயிற்று. இம்முறை நாகப்பட்டினத்தில் வயது முதிர்ந்த மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் டர்போவைத் தொடவே இல்லை. அதற்கு எண்ணெய் கொண்டுபோகும் பேனாத் தண்டளவான இரும்புக் குழாயைக் கழற்றி, ஒரு முனையை வாயில் வைத்து ஊதிக் காட்டினார். காற்றுப் போகவில்லை. உள்ளே கரி அடைத்திருந்தது. "பட்டினி போட்டால் புதுசு என்ன, பழசு என்ன?" என்றார். அந்தக் குழாயின் விலை டர்போவின் விலையில் ஒரு சிறு பங்கு. குழாயை மாற்றி, எண்ணெய்த் தொட்டியைக் கழற்றி அதனுள் இருக்கும் சல்லடையைக் கழுவிய பிறகே மூன்றாவது டர்போவைப் பொருத்தினார். அது இன்றளவும் ஓடுகிறது.

அந்தக் கரி எப்படி வந்தது? விரைந்து ஓடி வந்த வண்டியை நிறுத்தியவுடனே அணைத்துவிட்டால், எண்ணெய் ஓட்டம் நின்றுபோகிறது. ஆனால் புகைச் சக்கரத்தின் சூடு தணிவதில்லை. தேங்கி நின்ற எண்ணெய் அங்கேயே கருகிவிடுகிறது. ஆகவே நெடுந்தூரம் ஓடி வந்த பின் ஒரு நிமிடமேனும் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டே அணைக்க வேண்டும். யாத்திரிகர்களை இறக்கியதும் அடுத்த சவாரிக்கு ஓடுகிற அவசரத்தில் இதையெல்லாம் யார் பார்ப்பார்? எண்ணெயையும் நான் 5,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றிவிடுகிறேன்; கையேடு கூடுதலான தூரத்தை அனுமதித்தாலும்கூட.

காவிரிக் கழனிகளுக்கென்று தனியான தொல்லைகளும் உண்டு. தை, மாசி மாதங்களில் சம்பா அறுவடை. அறுவடை இயந்திரங்கள் கிளப்பும் வைக்கோல் தூசும் சாலையிலே காயும் நெல்லின் சுணையும் காற்று வடிகட்டியை வெகு விரைவில் அடைத்துவிடுகின்றன. கிழிந்த வடிகட்டியின் வழியே போகும் ஒரு மணல் துகள், அத்தனை வேகத்தில் சுழலும் சக்கரத்தின் இதழைச் சிதைத்துவிடும். கடற்காற்று இன்னொரு வகை. உப்பு, காற்றுக் குழாய்களைக் கவ்வும் கிளிப்புகளை அரித்துத் தளர்த்துகிறது. அழுத்திய காற்று அங்கே கசிந்தால் வண்டி இழுக்காது. கரும்புகை வேறு வரும். இதைக் கண்டுபிடிக்க மிதிவண்டிக் கடைக்காரரின் உபாயமே போதும். இணைப்புகளில் சோப்பு நீரைத் தடவி, எஞ்சினை முடுக்கச் செய்து பார்த்தால் கசியும் இடத்தில் குமிழி கிளம்பும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெள்ளம் மூடிய சாலையில் வண்டியை இறக்கவே கூடாது. காற்று நுழையும் வாயில் தண்ணீர் புகுந்துவிட்டால், அது காற்றைப்போல் அழுந்திக் கொடுக்காது. உள்ளிருக்கும் இரும்புத் தண்டே வளைந்துவிடும்.

என் தங்கை மகன் பொறியியல் கல்லூரியில் படிக்கிறான். வண்டி நலமானதும் அவன் வந்து, "மாமா, ஒரு சிறு மின்பெட்டியை இணைத்தால் எஞ்சினின் வலிமை கூடிவிடும், செய்துவிடலாமா?" என்று கேட்டான். அந்தப் பெட்டி எஞ்சினின் மூளைக்கு டீசல் அழுத்தத்தைக் குறைத்துக் காட்டி, மிகுதியான டீசலைப் புகுத்த வைக்கிறது. வலிமை கூடுவது உண்மைதான். புகையின் சூடும், கிளட்சின் சுமையும், டர்போவின் வேகமும் கூடவே கூடுகின்றன. பதினைந்து வயது வண்டிக்கு அது ஆகாது என்றேன். அவனுக்கு முகம் வாடிற்று.

அவனுக்கு நான் சொன்னது ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் என்ற அமெரிக்க வண்டியின் கதை. 1962-இல் வெளிவந்த அது, டர்போ பொருத்தி மக்களுக்கு விற்கப்பட்ட முதல் கார்களுள் ஒன்று. எஞ்சின் தட்டாமல் இருப்பதற்காக, வாலைநீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தை அதற்கு அவ்வப்போது ஊற்றி வர வேண்டும். வாங்கியவர்கள் பலர் ஊற்ற மறந்தார்கள். திரவம் தீர்ந்ததும் வண்டி வலிமை குன்றியது. கடைசியில் டர்போவையே கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டரைப் பொருத்திக்கொள்ள நிறுவனமே ஏற்பாடு செய்யும்படி ஆயிற்று.

சட்டமும் ஒன்று இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரித்தவர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்திற்று. 15 ஆண்டு முடிந்து 2024-இல் பதிவைப் புதுப்பிக்கச் சென்றபோது எனக்கு அச்சமின்றி நிற்க முடிந்தது.

மேம்படுத்தவே இல்லையா என்றால், மேம்படுத்தினேன். வெடிப்பு விட்ட ரப்பர்க் குழாய்களுக்குப் பதிலாகச் சிலிக்கோன் குழாய்கள், புதிய டயர்கள், முன் பிரேக்கின் தட்டுகளும் பிரேக் எண்ணெயும், மஞ்சள் பூத்த முகவிளக்குக் கண்ணாடியின் மெருகு. வலிமை கூட்டுவதற்கு வைத்திருந்த பணம் நிறுத்துவதற்கும் பார்ப்பதற்கும் செலவாயிற்று. தங்கை மகனுக்காக ஒன்று மட்டும் சேர்த்தேன்: டர்போவின் அழுத்தத்தைக் காட்டும் சிறிய மானி. அதை அவனே பொருத்தினான். கீழ்வேளூருக்கு அருகில் நெல் மூட்டை ஏற்றிய லாரியைக் கடக்கும்போது அதன் ஊசி எழுந்து விழுவதைப் பார்ப்பதில் இருவருக்கும் ஒரு மகிழ்ச்சி. ஊசி வழக்கமான இடத்துக்கு வராத நாளில் கிளிப்பைத்தான் முதலில் தொட்டுப் பார்க்கிறோம்.

போன மாதம் தஞ்சாவூர் மருத்துவமனை வாயிலில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன். அம்மா கதவைத் திறக்கவில்லை. "அதற்கு மூச்சு வாங்கி முடியட்டும், பிறகு இறங்குகிறேன்" என்றார்.