ஊருக்கு வரும்போது சாட்டிலைட் போன் கொண்டு வரலாமா?

சவூதியில் பாலைவனத்துக்குள் எண்ணெய்க் குழாய் பதிக்கும் கம்பெனியில் வேலை பார்க்கும் நம்ம பக்கத்துச் சகோதரர் ஒருவர், விடுமுறைக்குக் கிளம்பும் முன் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு ஒன்று அனுப்பியிருந்தார். "அஸ்ஸலாமு அலைக்கும் அண்ணே. புளியங்குடிக்கு மேற்கே மலையடிவாரத்தில் நம்ம எலுமிச்சைத் தோட்டத்தில் செல்போன் சிக்னலே கிடையாது. இங்கே சைட்டில் பழைய துரையா போன் ஒன்று சும்மா கிடக்கிறது. அதைக் கொண்டு வந்து லேப்டாப்பில் மாட்டினால் தோட்டத்தில் இன்டர்நெட் வருமா?"

வரும். ஆனால் கொண்டு வராதீர்கள் தம்பி என்று உடனே பதில் போட்டேன். ஏன் என்று கேட்டார். அந்த விளக்கம் சங்கரன்கோவில், கடையநல்லூர், தென்காசி வட்டாரத்திலிருந்து வளைகுடா போய் வரும் எல்லோருக்கும் உதவும் என்பதால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

நாம் வைத்திருக்கும் செல்போன் பக்கத்துத் தெரு டவரோடு பேசுகிறது. சாட்டிலைட் போனுக்கு டவர் வானத்தில் இருக்கிறது. துரையா ஐக்கிய அரபு அமீரகத்து நிறுவனம். நம் வீடுகளில் பெண் பிள்ளைகளுக்குச் சுரையா என்று வைக்கிறோமே, அதே அரபுப் பெயர்தான். கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தைக் குறிக்கும். அதன் செயற்கைக்கோள்கள் பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமியின் சுழற்சிக்கு ஈடாகச் சுற்றுவதால் ஒரே இடத்தில் நிற்பது போலத் தெரியும். 2003-ல் ஏவப்பட்ட துரையா-2 கிழக்கு 44 டிகிரி தீர்க்கரேகையில் நிறுத்தப்பட்டது. சங்கரன்கோவிலிலிருந்து கணக்குப் போட்டால் அது மேற்கிலிருந்து சற்றே தெற்காக, அடிவானத்திலிருந்து 50 டிகிரி உயரத்தில் வருகிறது. கிப்லாவை நோக்கி நின்றால் இடது தோளுக்கு முன்னால், வானத்தின் பாதி உயரத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் திசையில் ஒரு தென்னை மரமோ பக்கத்து வீட்டுச் சுவரோ இருந்தாலும் சிக்னல் போய்விடும். வீட்டுக்குள் வேலைக்கே ஆகாது, மொட்டை மாடிக்குத்தான் போக வேண்டும்.

இரிடியம் என்ற அமெரிக்க நிறுவனத்தின் ஏற்பாடு வேறு. அதன் 66 செயற்கைக்கோள்கள் சுமார் 780 கிலோமீட்டர் உயரத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். ஒன்று தலைக்கு மேல் வந்து சில நிமிடங்களில் மறையும், அதற்குள் அடுத்தது இணைப்பை வாங்கிக்கொள்ளும்.

இனி லேப்டாப்புக்கு வருவோம். 20 வருடங்களுக்கு முன் தொலைபேசி லைனில் மோடம் மாட்டி, கீச்சுக் கீச்சென்று சத்தம் கேட்க இன்டர்நெட் பிடித்தவர்களுக்கு இது எளிதில் புரியும். இங்கே சாட்டிலைட் போன்தான் மோடம். அதை யுஎஸ்பி கேபிளில் லேப்டாப்போடு இணைத்து, அந்த மாடலுக்கான டிரைவரை நிறுவி, விண்டோஸில் புதிய டயல்-அப் இணைப்பு ஒன்றை உருவாக்கி, சேவை நிறுவனம் தரும் எண்ணைப் போட்டு அழைக்க வேண்டும். ஆண்டெனாவை முழுவதும் நீட்டி, போனைத் திறந்த வெளியில் அசையாமல் வைத்துவிட்டு லேப்டாப்பை நிழலில் வைத்துக்கொள்ளலாம். 2014-ல் வந்த இரிடியம் கோ போன்ற கருவிகளில் கேபிளும் வேண்டாம், அதுவே ஒரு சின்ன வைஃபை வட்டத்தை உண்டாக்கிவிடும்.

இணைப்பு கிடைத்ததும் வழக்கம்போல் பிரவுசரைத் திறந்தால் வருத்தம்தான் மிஞ்சும். இரிடியம் கைப்போனிலும், இன்மார்சாட் நிறுவனத்தின் ஐசாட்போன்-2-லும் டேட்டா வேகம் நொடிக்கு 2.4 கிலோபிட். அதாவது நொடிக்கு 300 பைட். கையடக்க ஆண்டெனாவும் சின்ன பேட்டரியும் சேர்ந்து அவ்வளவு தூரத்துக்குத் தள்ளக்கூடியது கொஞ்சம்தான். மனிதக் குரலைச் சுருக்கி அனுப்பவென்று அமைத்த வழி அது. ஒரு மெகாபைட் புகைப்படத்தை அதில் அனுப்ப ஏறத்தாழ 55 நிமிடம் ஆகும், அதுவும் நடுவில் அறுந்து போகாவிட்டால். துரையாவின் சில மாடல்கள் இறக்குவதற்கு 60, ஏற்றுவதற்கு 15 கிலோபிட் வரை தரும். அதே படம் போய்ச் சேர 9 நிமிடம். கட்டணமோ நிமிடத்துக்கு அல்லது மெகாபைட்டுக்கு இவ்வளவு என்று ஓடிக்கொண்டிருக்கும். நமக்குத் தெரியாமல் பின்னணியில் விண்டோஸ் அப்டேட் இறங்க ஆரம்பித்தால் மொத்த பேலன்ஸும் காலி. அதனால்தான் இதை முறையாகப் பயன்படுத்துபவர்கள் முதலில் அப்டேட், கிளவுட், படங்கள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, எழுத்து மட்டும் உள்ள மின்னஞ்சலை அனுப்புவார்கள்.

எழுத்துக்கு இந்த வேகம் தாராளம். யூனிகோடில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட். ஆயிரம் குறியீடுள்ள ஒரு கடிதம் 3,000 பைட், பத்தே நொடியில் போய்விடும். ஒரு தாமதம் மட்டும் தவிர்க்க முடியாதது: 36,000 கிலோமீட்டர் ஏறி இறங்கி, பதிலும் அப்படியே ஏறி இறங்க 1,44,000 கிலோமீட்டர் ஆகிறது. ஒளியின் வேகத்தில் போனாலும் அதற்கு அரை நொடி பிடிக்கும்.

அந்தப் பத்து நொடிக் கடிதம் எவ்வளவு பெரியது என்பதைக் கன்னியாகுமரி மீனவர்களைக் கேட்டால் சொல்வார்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது, தூத்தூர், வள்ளவிளை பக்கத்திலிருந்து போன ஆழ்கடல் படகுகள் கரையிலிருந்து மிகத் தொலைவில் இருந்தன. படகில் இருக்கும் விஎச்எஃப் வயர்லெஸ் அவ்வளவு தூரத்துக்கு எட்டாது. புயல் வருகிறது என்ற ஒரு வரிச் செய்தி போய்ச் சேராமல் எத்தனையோ குடும்பங்கள் ஆண்களை இழந்தன. அதன்பிறகே ஆழ்கடல் மீனவர்களுக்கு அரசு மானியத்தில் சாட்டிலைட் போன் கொடுக்கப்பட்டது.

அப்படியானால் மீனவர்கள் வைத்திருப்பது சட்டப்படி சரி, துரையா மட்டும் ஏன் தவறு? சட்டம் கேட்பது அனுமதி. 1885-ன் இந்தியத் தந்திச் சட்டம், 1933-ன் கம்பியில்லாத் தந்திச் சட்டம் ஆகியவற்றின்படி அனுமதியில்லாமல் இதை வைத்திருப்பதே குற்றம், பேசினால்தான் என்றில்லை. அவற்றுக்குப் பதிலாக வந்துள்ள 2023-ன் தொலைத்தொடர்புச் சட்டத்திலும் அனுமதி தேவைதான். இன்மார்சாட் சேவையை 2017 முதல் பிஎஸ்என்எல் வழங்குகிறது, அதன் தரைநிலையம் உத்தரப் பிரதேசத்துக் காஜியாபாத்தில் இருக்கிறது. யார் பேசுகிறார்கள் என்பது அரசுக்குத் தெரியும். துரையா, இரிடியம் அழைப்புகள் இந்திய மண்ணைத் தொடாமலே வெளிநாட்டில் இறங்கிவிடுகின்றன. 2008 நவம்பரில் மும்பையைத் தாக்கியவர்கள் வந்த படகில் துரையா போன் கிடைத்தது. கெடுபிடி இறுகியது அதன்பிறகுதான்.

விவரம் தெரியாமல் வந்தேன் என்று சொல்வது எடுபடாது. 2022 ஜூலையில் சவூதி அரம்கோவின் பிரிட்டிஷ் உயர் அதிகாரி ஒருவர் உத்தராகண்டுக்குச் சுற்றுலா வந்த இடத்தில் சாட்டிலைட் போனோடு பிடிபட்டார். சுமார் ஒரு வாரம் சமோலியில் சிறையில் இருந்தார். கடைசியில் அபராதம் 1,000 ரூபாய். 2023 ஜனவரியில் ரஷ்யாவின் முன்னாள் அமைச்சர் ஒருவரே டேராடூன் விமான நிலையத்தில் தடுத்து வைக்கப்பட்டார். அவர்களுக்குத் தூதரகமும் பெரிய நிறுவனமும் பின்னால் நின்றன. சிறுபான்மைப் பெயரோடு, வளைகுடாவிலிருந்து, துரையாவோடு வந்து இறங்கும் நம் ஊர்ப் பையனின் நிலையை நினைத்துப் பாருங்கள். அபராதம் சிறிதாக இருக்கலாம். ஆனால் வழக்கு முடியும்வரை பாஸ்போர்ட் முடங்கினால், திரும்பப் போக வேண்டிய தேதியும் விசாவும் காத்திருக்குமா?

சில துரையா மாடல்கள் சாதாரண செல்போன் போலவே இருக்கும், அதில் வழக்கமான சிம்மும் போடலாம். "ஊரில் என் தம்பியிடம் கொடுத்துவிடுங்கள்" என்று யாராவது பார்சல் தந்தால் பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். மலையேறுபவர்கள் வைத்திருக்கும் கார்மின் இன்ரீச் போன்ற சிறிய செய்திக் கருவிகளும் இதே கணக்கில்தான் வரும், அவற்றோடு வந்தவர்களும் விமான நிலையங்களில் பிடிபட்டிருக்கிறார்கள். கம்பெனி கொடுத்த போனாக இருந்தால் கிளம்பும் முன் ஸ்டோரில் ஒப்படைத்து எழுத்தில் ரசீது வாங்கிவிடுங்கள். சூட்கேஸின் அடியில் கிடப்பதை மறந்துவிட்டு வருவதும் நடக்கிறது.

தோட்டத்துக்கு என்னதான் வழி? முதலில் பிஎஸ்என்எல் உட்பட எல்லா நிறுவன சிம்மையும் போட்டுப் பார்க்க வேண்டும். நிலத்தில் நிற்கும்போது கிடைக்காத சிக்னல் கிணற்று மோட்டார் ரூமின் மேல் ஏறினால் ஒரு கோடாவது காட்டும். அங்கே ஒரு குழாய்க் கம்பம் நட்டு, டவர் இருக்கும் திசை பார்த்து ஆண்டெனா வைத்து, அதை 4ஜி ரவுட்டரில் இணைத்தால் பல இடங்களில் வேலை முடிந்துவிடும். சிக்னல் பூஸ்டர் என்று ஆன்லைனில் விற்கிறார்களே, அதை வாங்காதீர்கள். அனுமதியில்லாமல் அதை வைப்பதும் குற்றம்தான். எதுவும் எடுபடாத இடமென்றால், உரிமம் பெற்ற நிறுவனங்கள் தரும் விசாட் எனப்படும் டிஷ் வழி இன்டர்நெட் இருக்கிறது, செலவு கூடுதல். ஸ்டார்லிங்க் 2025 ஜூனில் மத்திய அரசின் உரிமம் பெற்றிருக்கிறது. ஆனால் வெளிநாட்டில் வாங்கிய டிஷ்ஷை இங்கே கொண்டு வந்து மாட்டலாம் என்று அதற்குப் பொருள் இல்லை.

சகோதரர் துரையாவை ஸ்டோரிலேயே கொடுத்துவிட்டு வந்தார். போன வாரம் மோட்டார் ரூம் மேலே பதினைந்தடிக் குழாயில் ஆண்டெனா கட்டினோம். இரண்டு கோடு காட்டுகிறது, எலுமிச்சை மார்க்கெட் விலை பார்க்கவும் வீடியோ கால் பேசவும் போதுமானதாக இருக்கிறது. மழை பெய்தால் மட்டும் கொஞ்சம் இழுக்கிறது.